முதுகில் வைத்த காது

போன மாதம் பூந்தமல்லியிலிருந்து கிளம்பிய நம்முடைய கோவில் சுற்றுலா வேனில், டிரைவர் சாமி படத்துக்கு முன்னால் ஏற்றி வைத்த ஊதுபத்தியை அணைத்தது நான்தான். ஏன் அணைத்தாள் என்று பின்சீட்டில் பெரிய விசாரணையே நடந்ததே, அதற்கான பதில் இது. ஒளித்து மறைத்து எதுவும் செய்யவில்லை. எழுந்து போனேன். குடிக்கிற தண்ணீரில் விரலை நனைத்து ஊதுபத்தியின் நுனியைக் கிள்ளினேன். திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"சாமிக்கு ஏத்துனத அணைக்கிறாளே, இன்னா திமிரு பாரு" என்றது ஒரு குரல். "வயசாக வயசாக நடிப்பும் கூடத்தான செய்யும்" என்றது இன்னொன்று. இரண்டும் யாருடைய குரல் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லிச் சண்டைக்கு வரப் போவதில்லை. திமிர் என்றதைக்கூட ஒப்புக்கொள்கிறேன், இருக்கிறது. நடிப்பு என்றதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அந்தச் சொல்லை நான் முதன்முதலில் கேட்டபோது எனக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். மூச்சிரைப்பு அதைவிடப் பொல்லாதது. தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்குக்கூடத் தெரியாது. பின்னே ஏன் ஊர் ஊராகச் சுற்றுகிறாய், வீட்டோடு கிடக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கைப்பையில் மூச்சுக்கு அடித்துக்கொள்ளும் பம்பு வைத்திருக்கிறேன். லாட்ஜ் தலையணையை நம்பாமல் என் உறையைக் கொண்டுவருகிறேன். காலையும் மாலையும் மருந்தை உறிஞ்சி வாய் கொப்பளிக்கிறேன். இவ்வளவும் செய்வது வீட்டில் கிடப்பதற்காக அல்ல. மூச்சுக்குப் பயந்து என்னை ஒருமுறை ஒரு இடத்தில் கிடக்க வைக்கப் பார்த்தார்கள். அது நடக்கவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அம்பத்தூரில் தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குப் பின்புறத் தெருவில், வரிசையாகக் குடித்தனங்கள் இருந்த ஒரு நீள வீட்டில் எங்களுடையது கடைசி. முன்னால் பொதுக்குழாய், பின்னால் ஏதோ பட்டறையின் மதில். மதிலுக்கு அந்தப்பக்கம் இரும்பு ராவும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். காற்று வாக்கில் எண்ணெய் கருகுகிற நெடி வரும். அது எங்களுக்குப் பழக்கம், சோற்று வாசனை மாதிரி.

அப்பாவும் எஸ்டேட்டில்தான் வேலை பார்த்தார். மெஷின்களைப் பழுது பார்ப்பவர். அவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும்போது பலமுறை பார்த்திருக்கிறேன். ஓடுகிற மெஷின் முன்னால் நின்று, ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பேரிங் மேல் அழுத்தி, மரப்பிடியைக் காதோடு சேர்த்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். சுற்றி எத்தனை சத்தம் இருந்தாலும் அவருக்கு அந்த ஒரு சத்தம்தான். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "இது தாங்காது, மாத்திடுங்க" என்பார். மாற்றாமல் விட்டால் அந்த வாரத்துக்குள் அது பல்லை இளிக்கும். கழுத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு அவர் கண்மூடி நிற்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கும்.

எனக்கு இழுப்பு உண்டு. அந்தக் காலத்தில் ஆஸ்துமா என்று யாரும் சொல்லவில்லை. இழுப்பு, இல்லாவிட்டால் இளைப்பு. பம்பு கிம்பு எதுவும் எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. ஒரு கசப்பு மாத்திரை, முற்றிப்போனால் ஊசி. குளிர்ந்த காற்றுதான் காரணம் என்று அம்மா திடமாக நம்பினாள். மார்கழி பிறந்தால் காதில் பஞ்சு, தலையில் ஒரு அரக்கு நிற மஃப்ளர். அந்த மஃப்ளரின் ரோமம் மூக்கில் போய்க் குத்தித் தும்மல் வரும். தும்மினால் இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டுவாள்.

இந்தக் கதைக்கு முந்தின வருடத்துப் போகியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். போகி என்றால் நம் தெருக்களில் பழைய பாயும் துடைப்பமுமா எரிந்தது? டயர்தான். எஸ்டேட் ஓரம் என்பதால் லாரி டயருக்குப் பஞ்சமே இல்லை. பையன்கள் ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். விடியும்போது தெரு கறுப்பாக இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் போகி மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். மண் வளையத்தில் தோலை இழுத்துக் கட்டிய சின்ன மேளம் அது. நெருப்பில் காட்டினால் தோல் விறைத்துக்கொண்டு கணீரென்று பேசும். என் மேளத்தையும் காய்ச்ச வேண்டும் என்று நெருப்பருகில் போனேன். ஒரு தட்டுத் தட்டியதோடு சரி. அப்புறம் அப்பா என்னைச் சைக்கிள் கம்பியில் உட்கார வைத்துப் அடுத்த ஊரான பாடியில் இருந்த டாக்டரிடம் ஓட்டிக்கொண்டு போனதும், உதடு நீலமாகி இருந்ததாக அம்மா எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அழுததும்தான் நினைவில் இருக்கிறது.

அடுத்த போகிக்கு நான் அம்பத்தூரில் இருக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. வேப்பம்பட்டில் அப்பாவின் அக்கா இருந்தார், என் அத்தை. நிலம் நீச்சு, மாடு கன்று உள்ள குடும்பம். இரண்டு மகன்களும் வெளியூர் வேலைக்குப் போய்விட்டதால் வீட்டில் அத்தையும் மாமாவும் மட்டும். "அங்க காத்து சுத்தம்டி, பத்தே நாளு, பொண்ணு குண்டாயிடுவா" என்று குழாயடியில் எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். காற்று சுத்தம். அந்த வார்த்தையை ஊரே சேர்ந்து சொன்னது. ஒருத்தராவது, தை மாதத்தில் அங்கே என்ன வேலை நடக்கும் என்று யோசிக்கவில்லை.

போகிக்கு முன்பே அம்மா என்னை ரயிலேற்றினாள். பெண்கள் பெட்டி. உள்ளே காலி மீன்கூடை, பூக்கூடை, புளித்த தயிர்ப்பானை, எல்லாம் இருந்தன. ஏறின உடனே அம்மா எங்கள் பக்கத்து ஜன்னல் ஷட்டரை இறக்கினாள். அப்புறம் எதிர்ப்பக்கத்து ஜன்னலையும் இறக்கப் போனாள்.

"இன்னாம்மா, உள்ள வெந்து சாவறோம், ஜன்னல மூடிக்கினு கீறியே?" என்றாள் மீன்கூடைக்காரம்மா.

"கொழந்தைக்கு இழுப்புக்கா. காத்துப் பட்டா ஆவாது."

"காத்துப் பட்டா ஆவாதா? காத்து இல்லாங்காட்டிதான் ஆவாது! புள்ள மூஞ்சியப் பாரு, பொட்டியில போட்ட கோழிக்குஞ்சு கணக்கா."

அம்மாவுக்குக் கோபம். ஆவடி வரைக்கும் இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஷட்டரை ஏற்றினார்கள், இறக்கினார்கள். ஏற்றியபோதெல்லாம் நான் நன்றாக மூச்சு விட்டேன். இறக்கியபோதெல்லாம் மீன்வாடையும் மஃப்ளர் ரோமமும் நெஞ்சை அடைத்தன. இதை அம்மாவிடம் சொன்னேன். "பெரியவங்க பேசும்போது குறுக்க பேசாத" என்றாள். பையின் அடியில் என் போகி மேளம் இருந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் பாவாடைக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன்.

அத்தை என்னைப் பார்த்த உடனே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அந்த வயதில் யாரும் தூக்க மாட்டார்கள், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாட்டசாட்டமான உடம்பு, வாய் நிறைய வெற்றிலை, பேச்சில் ஒளிவு மறைவு கிடையாது. பெண் குழந்தை இல்லாத வீடு என்பதால் என்னைப் பார்த்தால் அவருக்குக் கைகால் ஓடாது. எனக்கென்று களத்துப் பக்கத்து அறையை ஒழித்து, சாணி மெழுகி வைத்திருந்தார். ஒரு மெத்தையும் தைத்திருந்தார். பழைய பஞ்சு மெத்தை ஆகாது என்று, அந்த வாரம் அடித்த புது வைக்கோலை அடைத்துத் தைத்த மெத்தை. அதில் படுத்தால் மொரமொரவென்று பேசும். பொன்னிறம். அவ்வளவு அழகான ஒரு படுக்கையில் அதற்கு முன்னால் நான் படுத்ததே இல்லை.

அன்று மாலை அத்தையும் அம்மாவும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு பேசியது என் காதில் விழுந்தது.

"திரும்பி இன்னாத்துக்கு இட்டுகினு போற? இங்கியே இருக்கட்டும். இங்க இஸ்கூலு இல்லியா? அந்தப் பொகையில போட்டு புள்ளைய சாவடிக்கவா பெத்த?"

அம்மா கீரைக் காம்பை ஒவ்வொன்றாகக் கிள்ளினாள். பிறகு, "அவுரும் அதத்தான் சொல்றாரு அண்ணி" என்றாள். அம்மா அழுதாள் என்பது குரலில் தெரிந்தது. அவள் கல்நெஞ்சுக்காரி இல்லை. என் உதடு நீலமானதைப் பார்த்தவள் அவள். என்னைப் பிழைக்க வைக்க என்னைக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டாள், அவ்வளவுதான். மறுநாள் காலை, பண்டிகை முடிந்ததும் அப்பா வருவார் என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்காமல் ரயிலேறினாள்.

வந்த இரண்டாம் நாளே எனக்கு இழுப்பு தொடங்கிவிட்டது. வெளியே களத்தில் கதிரடிப்பு. பெண்கள் வரிசையாக நின்று முறத்தைத் தலைக்குமேல் தூக்கி நெல் தூற்றினார்கள். வெயிலில் அந்தத் தூசி பொன்பொடி மாதிரி மிதக்கும். பார்க்க அழகுதான். என் ஜன்னலுக்கு நேரே வைக்கோல் போர். தலைமாட்டில் வைக்கோல், கால்மாட்டில் வைக்கோல், படுக்கையே வைக்கோல்.

"அத்த, இங்க தூசியா கீது. அதான் இழுக்குது" என்றேன்.

அத்தை வாயில் அடித்துக்கொண்டார். "அப்புடி சொல்லாத கண்ணு. நெல்லுத் தூசி லட்சுமி. லட்சுமி யாரையாச்சும் புடிப்பாளா? அங்க குடிச்ச பொகையெல்லாம் இங்க எறங்கி வெளிய வருது. வந்தா வரட்டும், நல்லதுதான்."

அத்தை கணக்கு இதுதான். மூச்சு திணறினால் புகை வெளியேறுகிறது. இருமினால் இன்னும் வேகமாக வெளியேறுகிறது. அம்பத்தூரில் எனக்கு வந்தால் அது நோய், வேப்பம்பட்டில் வந்தால் அது வைத்தியம். மாமாகூட அறுப்புக் காலம் முழுக்க லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டிருந்தார். அதற்குப் பீடி காரணமாம். அவர் அந்த வருடம் பீடியை விட்டிருந்தார் என்பது வேறு கதை.

மாமா அதிகம் பேச மாட்டார். தினமும் பால் கேனைச் சைக்கிளில் கட்டி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ரயிலேற்றுவார். நானும் கூடவே ஓடுவேன். பிளாட்பாரத்தின் கடைசியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. நாலு பக்கமும் திறந்த வெளி, தூரத்தில் சவுக்குத் தோப்பு. அங்கே போய் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் என் நெஞ்சு தானாகத் திறந்துகொள்ளும். பூட்டு விட்டுக்கொடுப்பது போல ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக. வீடு திரும்பி, களத்து மூலை தாண்டும்போது மறுபடி பூட்டிக்கொள்ளும். ஒரு நாள் அல்ல, ஒவ்வொரு நாளும் இப்படித்தான்.

இதை மாமாவும் கவனித்தார். கவனித்து அத்தையிடம் சொன்னார். அதிலிருந்து வந்தது வினை.

"இஸ்டேசன்ல நல்லா கீறாளாம், ஊட்டாண்ட வந்தா இழுக்குதாம். அப்ப இன்னா அர்த்தம்?" என்று அத்தை களத்துப் பெண்களிடம் கேட்டார். "ரயிலப் பாத்தா ஊட்டு ஞாபகம். ஊட்டுக்குப் போறதுக்கு நடிக்கிது."

அன்றைக்குத்தான் அந்தச் சொல்லை முதலில் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, பிள்ளைகளின் குறும்பைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூச்சு போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அதை நடிப்பு என்றால் எப்படிப் பொறுப்பது?

போகி வந்தது. இரண்டு பழைய பாயும் ஒரு துடைப்பமும் எரித்தார்கள். மேளம் அடிக்கட்டுமா என்றேன், நெஞ்சுக்கு ஆகாது என்று அத்தை வாங்கிப் பரண் மேல் வைத்தார். யாரும் பார்க்காதபோது எடுத்து மெத்தைக்கு அடியில் ஒளித்துக்கொண்டேன். பொங்கல் போனது, மாட்டுப் பொங்கல் போனது, காணும் பொங்கலும் போனது. அப்பா வரவில்லை. அம்பத்தூரில் பள்ளிக்கூடம் திறந்திருக்கும், என் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். பண்டிகை முடிந்ததும் களத்தில் வேலை திரும்பவும் சூடு பிடித்தது.

ஒரு மதியம், கஞ்சி குடிக்க வைத்துவிட்டு, "தூங்கு கண்ணு" என்று அத்தை ஜன்னலைச் சாத்திவிட்டுக் களத்துக்குப் போய்விட்டார். தூங்கிவிட்டேன். விழித்தபோது நெஞ்சு இறுகிப் போயிருந்தது. உள்ளே போன காற்று வெளியே வரவில்லை. வெளியே வராமல் அடுத்தது எப்படி உள்ளே போகும்? கூப்பிடப் பார்த்தேன். சத்தம் எழும்பவில்லை. இழுப்பு முற்றியவர்களுக்குத் தெரியும், முதலில் போவது குரல்தான். எழுந்து நடக்கக் காலில் தெம்பில்லை. கை மட்டும் மெத்தைக்கு அடியில் போனது.

மேளத்தை எடுத்து அடித்தேன். குச்சியைத் தேட நேரமில்லை, விரலாலேயே அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன்.

களத்தில் கேட்டதாம். "பாப்பா மேளம் கொட்டுது, ஒடம்பு தேறிடுச்சி போல" என்று ஒருத்தி சந்தோஷப்பட்டாளாம். எல்லோரும் அப்படியே நினைத்து நெல் தூற்றிக்கொண்டிருந்தார்களாம். அத்தைக்கு மட்டும் பொறுக்கவில்லை. போகி தாண்டி அந்த மேளத்தை அடித்தால் வீட்டுக்கு ஆகாது என்பது அவர் நம்பிக்கை. கையில் முறத்தோடு திட்டுவதற்கு வந்தார்.

"போகி போயி எத்தினி நாளாவுது, இப்ப இன்னாடி மே..."

முறம் கீழே விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

என்னை அள்ளிக்கொண்டு ஸ்டேஷன் ரோடு வரைக்கும் ஓடினார் அத்தை. அந்த உடம்போடு அவர் ஓடியதை ஊரே பார்த்தது. மாமா சைக்கிள் கொண்டுவரும்வரை நடுரோட்டில் மடியில் போட்டுக்கொண்டு, தைலத்தை நெஞ்சில் தேய்த்துக்கொண்டே அழுதார். திருநின்றவூர் டாக்டரிடம் ஊசி போட்டுத் திரும்பும்போது மூச்சு சீராகிவிட்டது. என்னைத் திரும்பவும் அதே அறையில், அதே மெத்தையில் கொண்டுவந்து கிடத்தினார். நெற்றியில் விபூதி பூசிவிட்டு மாமாவிடம் சொன்னார்: "இருந்த பொகை மொத்தமும் இன்னிக்கி வெளிய வந்துடுச்சி. இனிமே ஒண்ணும் பண்ணாது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவர்கள் என் மேல் வைத்திருக்கிற பாசத்தை வைத்து என்னால் பிழைக்க முடியாது. நானாகத்தான் ஏதாவது செய்துகொள்ள வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். மாமாவோடு நானும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். ரயிலிலிருந்து முதலில் இறங்கியது அப்பா அல்ல, ஒரு தகரப் பெட்டி. எங்கள் வீட்டுப் பச்சைப் பெட்டி. மூடியில் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். அதைப் பார்த்த உடனே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. என் எல்லாத் துணியும். என்னுடையது என்று அந்த வீட்டில் இருந்த எல்லாமும்.

பெட்டியைக் கீழே வைத்து என்னைத் தூக்க வந்தார் அப்பா. நான் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"நைனா, இத எடுக்காத. மொதல்ல என் முதுவுல காது வை."

"இன்னா கண்ணு?"

"மிஷினுக்கு வெக்கிறியே, அந்த மாதிரி. ஒரு தபா எனக்கு வை."

அப்பா சிரித்தார். மாமாவைப் பார்த்தார். மாமா வேறு பக்கம் பார்த்தார். பிளாட்பாரத்தில் இறங்கிய ஜனம் எங்களை விலக்கிக்கொண்டு போனது. நான் இறங்குவதாக இல்லை என்று தெரிந்ததும் அப்பா மண்டி போட்டு உட்கார்ந்து என் முதுகில் காதை வைத்தார். கொஞ்ச நேரம் விளையாட்டாகத்தான் வைத்திருந்தார். பிறகு அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன், மெஷின் முன்னால் நிற்பது போலவே கண்ணை மூடியிருந்தார்.

"ஒண்ணுமில்லியே. நல்லாத்தான கீது" என்றார்.

"சரி. பொட்டி இங்கியே இருக்கட்டும். நீ வா."

மாமா பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டார். அப்பாவின் விரலைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அத்தை வாசலில் சொம்புத் தண்ணீரோடு நின்றார். அவரைத் தாண்டி உள்ளே போய், என் அறையில், என் வைக்கோல் மெத்தையில் குப்புறப் படுத்தேன். முகத்தை அதில் புதைத்தேன். வரப் போகிறது என்று தெரிந்தே படுத்தேன். பயமாகத்தான் இருந்தது. அது வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

வந்தது.

"இப்ப வை" என்றேன். பாதிதான் வெளியே வந்தது.

அப்பா மறுபடி மண்டியிட்டார். காது முதுகில் பட்டது. சவரம் செய்யாத கன்னம் சட்டையைத் தாண்டிக் குத்தியது. உள்ளே விசில் மாதிரி ஒன்று ஊதிக்கொண்டிருந்தது, எனக்கே கேட்டது. அப்பா அசையவே இல்லை. தலையை எடுக்காமலேயே மெத்தை மேல் கையை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். ஜன்னல் இடுக்கில் விழுந்த வெயிலில் பொன்னிறத் தூசி எழும்பியது.

"அக்கா, இந்த மெத்த யாரு தெச்சது?"

"நாந்தான் தம்பி. புது வைக்கோலு. ஒரு வாரமா குந்திக்கினு தெச்சேன்."

அப்பா என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "இதுலதான் கீது. அந்தக் களத்துலதான் கீது. பொகையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"இன்னாடா சொல்ற? நம்ம நெல்லா என் பொண்ணப் புடிச்சுது? லட்சுமிடா அது!"

"லட்சுமிதான்க்கா. நான் இல்லேன்னு சொல்லல. இவளுக்கு ஒத்துக்கல, அவ்ளோதான்."

"அப்ப என் ஊட்டுக் காத்து கெட்ட காத்துன்ற."

அப்பா என்னைத் தோளில் சரியாகச் சாய்த்துக்கொண்டார். அத்தை கையிலிருந்த சொம்புத் தண்ணீரை முற்றத்தில் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். வழியனுப்ப வரவில்லை. அப்பாவைச் சாப்பிடச் சொல்லவும் இல்லை. மேளம் அங்கேயே கிடந்தது. திரும்பிப் போய்க் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

ரயிலில் அப்பா செய்த முதல் வேலை, ஷட்டரை மேலே தள்ளியது. இரண்டாவது, என் கழுத்து மஃப்ளரை அவிழ்த்துத் தன் பைக்குள் போட்டது. ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன். நெமிலிச்சேரி, பட்டாபிராம், ஆவடி. அம்பத்தூர் நெருங்கும்போது அந்த எண்ணெய் கருகுகிற நெடி வந்தது. அம்பத்தூர்க் காற்று நல்ல காற்று என்று நான் சொல்லவில்லை. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? ஆனால் எந்தக் காற்று என்னை என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டியவள் நான். அதை அன்றைக்கு ஒருத்தர் காது வைத்துக் கேட்டுவிட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது.

பெட்டி திரும்பி வந்ததைப் பார்த்த அம்மா என்னைக் கட்டிக்கொள்ளவில்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை. பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடி, என் துணிகளையெல்லாம் எடுத்துக் கொடியில் போட்டாள். அத்தனையும் துவைத்து மடித்த துணி. யாராவது மனசு மாறிவிடப் போகிறார்கள் என்கிற அவசரத்தில் போட்டாள்.

அத்தை ஒரு வருடம் எங்களோடு பேசவில்லை. அடுத்த போகிக்கு எங்கேயும் போகவில்லை நாங்கள். கதவிடுக்கில் ஈரத்துணி செருகி, மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தேன். இழுக்கத்தான் செய்தது. தாங்கிக்கொண்டேன். தை பாதியில் மாமா ஒரு மூட்டையோடு வந்தார். வருடா வருடம் வருகிற புது அரிசிதான். ஆனால் எப்போதும் வரும் சாக்கில் வரவில்லை. துவைத்து வெளுத்த வேட்டியைத் தைத்த பையில் வந்தது. அம்மா அவிழ்த்து ஒரு பிடி அள்ளினாள். கையில் தவிடு ஒட்டவில்லை. ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"கழுவிக் காயவெச்சி, மறுபடி பொடச்சி அனுப்பிச்சிது" என்றார் மாமா. "பாப்பாவுக்கு ஆவாதுன்னு."

கழுவிய அரிசி வண்டு பிடிக்கும், வருடம் தாங்காது. விவசாயக் குடும்பத்தில் பிறந்த யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். அத்தை செய்தார். பைக்குள் கையை விட்ட அம்மாவுக்கு இன்னொன்றும் தட்டுப்பட்டது. அரிசிக்கு நடுவில் என் மேளம். துடைத்து, தோலுக்கு எண்ணெய் தடவியிருந்தது. போகி முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. தெருவுக்குப் போய் அடித்தேன். வெயிலில் நின்று, நான் ஒருத்தி மட்டும். மாமா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அடிக்காதே என்று சொல்லவில்லை.

அந்த மேளம் வீடு மாற்றியதில் எங்கேயோ போய்விட்டது. அப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை. இழுப்பு மட்டும் இருக்கிறது, அது எங்கே போகும்?

சரி, நம் வேனுக்கு வருகிறேன். மாசியில் அடுத்த சுற்றுலா என்று பேச்சு அடிபடுகிறது. நான் வருகிறேன். முதல் வரிசை, ஜன்னலோர இடம் எனக்கு. இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். டிரைவர் ஊதுபத்தி ஏற்றுவதாக இருந்தால் ஏற்றட்டும், நான் கை வைக்க மாட்டேன். ஆனால் ஏற்றுவதற்கு முன்னால், பின்சீட்டில் அன்று பேசிய இரண்டு பேரில் ஒருத்தி முன்னால் வந்து என் முதுகில் காது வைக்க வேண்டும். ஏற்றிய பிறகும் ஒரு தடவை வைக்க வேண்டும். கேட்டுவிட்டு, நடிப்பு என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

சொல்லிவிட்டால் நானே இன்னொரு ஊதுபத்தி ஏற்றுகிறேன்.